பழைய சர்வே தாளில் பாட்டி பிறந்த லயத்தைத் தேடுகிறேன் (குரங்கணி – டாப் ஸ்டேஷன் பக்கம்)

லயத்துப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பெற்ற பாட்டி போன வருடம் தவறிப்போனார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்குத் தேயிலைப் பெட்டி இறக்கிய ரோப்வேயில் வேலை பார்த்தவர். "எங்க லயத்து வாசல்ல நின்னா கம்பியில பெட்டி எறங்குறது தெரியும்னு அப்பா சொல்லுவாரு" என்பது பாட்டி நூறு தடவை சொன்ன கதை. (லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகள்.) லயத்துக்குப் பெயர் கிடையாது. கொட்டக்குடிக்கு மேலே, டாப் ஸ்டேஷனுக்குக் கீழே, பக்கத்தில் வற்றாத ஓடை, கொஞ்சம் மேலே ஒரு கருப்பசாமி. விலாசம் இவ்வளவுதான்.

இன்றைய கூகுள் மேப்பில் அந்தச் சரிவு முழுக்கப் பச்சையாகக் கிடக்கிறது. குரங்கணி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கு மேலே டாப் ஸ்டேஷன். லயம் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரைப் பார்த்தபோதே ஒரு மாதிரி இருந்தது, ரயிலே ஏறாத ஒரு மலைச்சரிவில் அந்தப் பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நண்பர் ஒருவர் பழைய ஒரு அங்குல (மைலுக்கு ஒரு அங்குலம்) சர்வே தாளின் ஸ்கேன் அனுப்பினார், வெள்ளைக்காரன் காலத்தது. திறந்தால் தலை சுற்றுகிறது. ஒரே கோடாக இருக்கிறது, எது பாதை எது மேட்டுக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கோடு) என்று தெரியவில்லை. ஒரு சிகரத்தின் பக்கத்தில் 8,800 சொச்சம் என்று உயரம் போட்டிருக்கிறது, எவரெஸ்ட்டே அவ்வளவுதானே என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன் (சிரிக்காதீர்கள்). அடி என்று இரண்டாம் நாள்தான் புரிந்தது, ஆனைமுடி.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தத் தாளை எப்படிப் படிப்பது? இதை இன்றைய மேப்பின் மேல் பொருத்திப் போனில் வைத்துக்கொள்ள முடியுமா? போய்ப் பார்க்க முடியுமா?

---

பழைய சங்கிலி:

தம்பி, நான் நில அளவையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், அதனால் கொஞ்சம் வாத்தியார் மாதிரிதான் பேசுவேன்.

முதலில் தாளின் ஓரத்தைப் படி, அப்புறம் நடுவைப் பார். எல்லோரும் நேராகத் தன் ஊரைத் தேடப் போகிறார்கள், அதுதான் தப்பு. ஓரத்தில் இரண்டு வருடங்கள் இருக்கும், அளந்த வருடம் ஒன்று, அச்சடித்த வருடம் ஒன்று. 1940-களில் அச்சான தாளில் அதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய அளவை இருப்பது சர்வசாதாரணம். நீ தேடுகிற இடத்துக்கு இது ரொம்ப முக்கியம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாக, மாடு கட்டி இழுக்கிற சமாச்சாரமாகத் தொடங்கியது. 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றினார்கள். 1924 ஜூலை வெள்ளத்தில் (மலையாளத்துக்காரர்கள் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099) அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவே இல்லை. ஆனால் தாளைத் திருத்தாமல் மறுபடி அச்சடித்திருந்தால் செத்துப்போன ரயில் காகிதத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது தாள் எண். உன் ஏரியா 58 எஃப். பத்தாவது அட்சரேகையிலிருந்து பதினொன்று வரை, தீர்க்கரேகை 77 முதல் 78 வரை. அதைப் பதினாறாக வெட்டியதுதான் ஒரு அங்குலத் தாள்கள், ஒவ்வொன்றும் கால் பாகை. மூணாறும் டாப் ஸ்டேஷனும் 58 எஃப்/4. போடி 58 எஃப்/8, அதுவும் தாளின் அடிவிளிம்பை ஒட்டி, ஊருக்குத் தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் 58 ஜி வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் 77 பாகை 15 நிமிடக் கோடு. டாப் ஸ்டேஷன் அந்தக் கோட்டை மிக ஒட்டி மேற்கே இருக்கிறது, உன் ரோப்வே இறங்கிய சரிவும் அந்தக் கோட்டை ஒட்டித்தான். அதாவது நீ தேடுகிற இடமே இரண்டு தாள்களின் தையலில் இருக்கிறது. ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு லயம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே, பக்கத்துத் தாளையும் வாங்கு. கொடைக்கானல்காரர்களுக்கு இன்னும் மோசம், நாலு தாள் சந்திக்கிற மூலையில் போய் ஏரியை வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தாளை எடுத்தாலும் பாதி ஊர் பக்கத்து வீட்டில்.

நிறம்: நீலம் தண்ணீர், பழுப்பு மேட்டுக்கோடு, பச்சை காடு, மஞ்சள் சாகுபடி, சிவப்பு பாதையும் குடியிருப்பும். நல்ல அச்சில் கண்ணைப் பறிக்கும். ஸ்கேனில் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும், அப்போது ஒற்றையடிப் பாதையும் மேட்டுக்கோடும் ஒன்றுபோலத் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேட்டுக்கோடு ஒருநாளும் இன்னொரு மேட்டுக்கோட்டை வெட்டாது. பாதை வெட்டும், ஆனால் பயந்து பயந்து, சாய்வாக, வளைந்து வளைந்து வெட்டும். ரயில் பாதை வெட்டவே விரும்பாது, மேட்டுக்கோட்டோடு ஒட்டிக்கொண்டே ஊர்ந்து போகும். இருபது முப்பது மேட்டுக்கோடுகளை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகக் குத்திக்கொண்டு ஒரு கோடு இறங்கினால் அதில் மனிதன் நடக்க முடியாது, மாடு நடக்க முடியாது. அதுதான் உன் கொள்ளுத்தாத்தாவின் கம்பி.

கருப்பு முக்கோணம் பார்த்தால் விடாதே, அது முக்கோண அளவை நிலையம். 1802-ல் லாம்டன் துரை பரங்கிமலையில் தொடங்கிய முக்கோண அளவை வேலையின் வாரிசு, தாளில் அதைவிட நம்பகமான புள்ளி கிடையாது. 'ஆர்.எஃப்.' என்பது காப்புக்காடு, 'பி.எம்.' என்பது உயரக் குறிக்கல். ஆளில்லாமல் போன ஊருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் பாழூர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், உனக்கு அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. பட்டா எடுக்கிற கிராம வரைபடமும் இதுவும் ஒன்றல்ல. அது வருவாய்த் துறையுடையது, மைலுக்குப் பதினாறு அங்குலம், வயல் வரப்பு தெரியும், மலை தெரியாது. இதில் மலை தெரியும், வரப்பு தெரியாது. இதையும் அதையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு தாலுகா ஆபீசில் போய்ச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

ராஸ்டர் ராணி:

சங்கிலி ஐயா சொன்னதற்கு மேல் தாள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொருத்துகிற வேலை மட்டும் சொல்கிறேன்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் ஸ்கேனை இன்றைய மேப்பில் பொருத்துகிற ஜியோரெஃபரன்ஸர் என்ற கருவி இருக்கிறது. தாளின் நாலு மூலையிலும் அட்சரேகை தீர்க்கரேகை அச்சடித்திருக்கும், அதைத் தட்டச்சு செய்தால் போதும் என்று யூடியூபில் சொல்வார்கள். போதாது! பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவத்தில் (பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கு), மத்தியப் பிரதேசத்துக் காலியன்பூரை மூலமாக வைத்து வரைந்தவை. அந்த எண்களை அப்படியே ஜிபிஎஸ் எண்களாக எடுத்துக்கொண்டால் நம்ம பக்கத்தில் சுமார் இருநூறு மீட்டர் தள்ளி உட்காரும். சமவெளியில் இருநூறு மீட்டர் ஒரு தெரு, நீங்கள் போகிற இடத்தில் அது ஓடைக்கு அந்தப் பக்கம். ஆகவே முதலில் 'காலியன்பூர் 1937' என்று தேர்ந்தெடுத்துப் பொருத்துங்கள், அப்புறம் மென்பொருளையே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

19-ஆம் நூற்றாண்டுத் தாள் ஏதாவது கையில் கிடைத்தால் இன்னும் ஜாக்கிரதை. அந்தக் காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தீர்க்கரேகையையே 80 பாகை 17 நிமிடம் 21 வினாடி என்று வைத்திருந்தார்கள், அது 2 நிமிடம் 27 வினாடி அதிகம். அதை நம்பி வரைந்தது எல்லாமே நம் அட்சரேகையில் கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே விழும். எனக்கு இது தெரியாமல் இந்தியன் அட்லஸ் என்ற அந்தக் காலத்து வரிசையின் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு 'தொலைந்துபோன கிராமத்தைக் கண்டுபிடித்தேன்' என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழுவில் பெருமையாகப் போட்டேன். தொலைந்த கிராமம் நாலரைக் கிலோமீட்டர் மேற்கே பஸ் ஸ்டாண்டோடு சுகமாக இருக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். இன்றைக்கும் கிண்டல் ஓயவில்லை.

மூலைகளைப் பொருத்திய பிறகு நடுவில் ஏழெட்டுப் புள்ளி வைத்துச் சரி பாருங்கள். சாலை வளைவை வைக்காதீர்கள், சாலை நகரும். பாறையில் ஓடைகள் சேருகிற இடம், இரண்டு மலைமுகடு கூடுகிற இடம், சங்கிலி ஐயாவின் முக்கோணம், இவை நகராது. அப்புறம் எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறது. நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, அதை இறக்கி அடிக்கணக்கில் மேட்டுக்கோடு வரையச் சொல்லிப் பழைய தாளின் மேல் போடுங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆள் பிளேன்டேபிள் என்ற வரைபலகையைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி வரைந்ததும் விண்கலத்திலிருந்து அளந்ததும் முகட்டுக்கு முகடு ஒத்துப்போகிறதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

உங்கள் பாட்டி சொன்னதில் ஒரு துப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? வாசலில் நின்றால் கம்பி தெரியும். கம்பி போன கோட்டைப் போட்டுவிட்டு, எங்கிருந்தெல்லாம் அது கண்ணுக்குத் தெரியும் என்று கியூஜிஐஎஸ்ஸில் கணக்குப் போடலாம். லயம் கட்ட இரண்டு வரிசை வீட்டுக்காவது தட்டையான இடம் வேண்டும், அதனால் மேட்டுக்கோடுகள் விலகி இருக்கிற இடம். ஓடை பக்கத்தில் வேண்டும். இந்த மூன்றும் சேருகிற இடம் அந்தச் சரிவில் நாலைந்துக்கு மேல் இருக்காது, பந்தயம்.

கடைசியில் ஜியோடிஃப்பாக (இடக்குறிப்பும் சேர்ந்த படக்கோப்பு) ஏற்றுமதி செய்து போனில் அவென்சா, ஓரக்ஸ்மேப்ஸ் மாதிரி மேப் ஆப்பில் போட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி நகரும்.

---

மெட்டுக்காற்று:

போடிக்காரி பேசுகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

அனுமதி இல்லாமல் அந்தச் சரிவில் ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த தீ எங்கள் ஊரில் யாருக்கும் மறக்கவில்லை, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், நிறையப் பேர் உங்கள் வயதுப் பிள்ளைகள். கோடையில் புல் அப்படியே வெடிமருந்து. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் விடுகிற மாதத்தில், உள்ளூர் ஆளோடு போங்கள். போனில் நீலப் புள்ளி நகருகிறது என்பதற்காகப் பாதை இருக்கிறது என்று அர்த்தமில்லை, தாளில் பாதை இருப்பதாலும் இல்லை. பத்து வருடம் யாரும் நடக்காவிட்டால் உண்ணிச்செடி மூடிவிடும்.

ஏறுவதற்கு முன்னால் அந்தத் தாளை ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். எங்கள் தெருவில் ஒரு தாத்தா, சின்ன வயதில் மேலே சுமை தூக்கிப் போனவர், தொண்ணூறு நெருங்கும். பெரிய அச்சாக எடுத்துத் திண்ணையில் விரித்தேன். உற்றுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தாளைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினார், மேற்குப் பக்கம் மேலே வருகிற மாதிரி. "வடக்கைத் தூக்கி மேல வச்சா எப்படிம்மா? மேக்கு மேல இருக்கணும், கெழக்கு கீழ இருக்கணும், பேருலயே இருக்குல்ல" என்றார். போடியில் நின்று பார்த்தால் மலை மேற்கேதான். மேல் என்பதால்தான் அது மேற்கு, கீழ் என்பதால்தான் இது கிழக்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது.

திருப்பிய பிறகு அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எழுத்தெல்லாம் படுத்துக்கிடந்தது, அவருக்கு எழுத்து தேவைப்படவே இல்லை, ஓடையை விரலால் பிடித்துக்கொண்டே ஏறினார். இது குடிக்கிற தண்ணி, இது ஆகாது, இங்கே சுமையை இறக்கி வெற்றிலை போடுவோம், இங்கே யானை நிற்கும். தாளில் ஒரே ஒரு பாதை போட்டிருந்தது, அவர் மூன்று பாதை சொன்னார். அளக்க வந்தவர் மாடு போகிற பாதையைப் போட்டிருக்கிறார், ஆள் போகிற பாதையை விட்டுவிட்டார் என்பது என் கணிப்பு.

முதுவர் என்ற மலைப் பழங்குடியினரின் குடிகளைத் தாளில் பார்த்து அதே இடத்தில் தேடாதீர்கள். அவர்கள் காடு மாற்றி விவசாயம் செய்தவர்கள், குடியே இடம் மாறும், பெயர் கூடவே போகும். தாளில் இருக்கிறது இங்கே, ஊர் இருக்கிறது அங்கே, இரண்டும் பொய்யில்லை. மதுரையிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு மலையேறினோம் என்று தங்கள் பெயருக்கே கதை சொல்கிற ஜனங்கள், நகர்வது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தாத்தா சொன்ன அடையாளம்: சுவரைத் தேடாதே, மரத்தைத் தேடு. மண்சுவரெல்லாம் நாலு மழையில் கரைந்துவிடும். காட்டு நடுவில் நாரத்தையோ கொய்யாவோ வரிசையாக நின்றால் அது தானா முளைத்ததில்லை, யாரோ ஒரு பெண் வாசலில் வைத்தது.

---

சும்மா ஒரு கேள்வி:

எல்லாம் சரி, ஆனால் வெள்ளைக்காரன் வரி வசூலிக்கவும் தேயிலை ஏற்றவும் வரைந்த தாளை வைத்துக்கொண்டு நம் பாட்டி ஊரைத் தேடுவது கொஞ்சம் உறுத்தவில்லையா? பெயர்களைப் பாருங்கள், பழனி மலையைப் 'புல்னி' என்று எழுதி வைத்திருக்கிறான்.

---

பழைய சங்கிலி:

உறுத்தும். ஆனால் சங்கிலி இழுத்தவன், கல் நட்டவன், காட்டை வெட்டிப் பார்வை திறந்தவன் எல்லாம் நம்ம ஆள்தானே, அவன் பெயர்தான் எந்த ஓரத்திலும் இல்லை. 1821-ல் வார்டு துரை பழனி மலையை அளந்தார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, அவருக்கு வழி காட்டியவர் யாரென்று பெயரோடு எழுதியதை நான் பார்த்ததில்லை. 'புல்னி' விஷயத்தில் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, நூலகத்தில் தேடும்போது அப்படித் தட்டினால்தான் கிடைக்கும். மதுரையையும் 'மதுரா' என்றுதான் தேட வேண்டும். தேனி மாவட்டம் 1996-ல் பிரிந்தது, பழைய தாளில் தேனி மாவட்டத்தைத் தேடாதே.

---

ராஸ்டர் ராணி:

ஒன்று விட்டுப்போச்சு. பெரிய அளவில் ஒரு பார்வைக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் 1950-களின் அமெரிக்க ராணுவத் தாள்கள் இலவசமாக இருக்கின்றன, இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. லயம் தெரியாது, மலைத்தொடர் எப்படிப் போகிறது என்று புரியும். இன்றைய 1:50,000 தாள் சர்வே ஆஃப் இந்தியா தளத்திலேயே பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம், அதில் மேட்டுக்கோடு 20 மீட்டருக்கு ஒன்று.

---

லயத்துப் பேரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பக்கத்துத் தாளும் கிடைத்தது. இரண்டையும் ஒட்டினேன், சங்கிலி ஐயா சொன்னபடியே தையல் அந்தச் சரிவின் நடுவில்தான் ஓடுகிறது. மேட்டுக்கோடுகளைக் குத்திக்கொண்டு இறங்குகிற நேர்க்கோடும் இருக்கிறது, இத்தனை நாளும் அதை ஸ்கேனில் விழுந்த மடிப்பு என்று நினைத்திருந்தேன். அதைப் போட்டு ராணி அக்கா சொன்ன கணக்கையும் போட்டேன். தட்டை, ஓடை, கம்பி தெரிகிற இடம், மூன்றும் சேருகிறது மூன்று இடத்தில். பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அதில் ஒன்றில் கிழக்குத் தாளின் ஓரத்தில் நாலு சிவப்புச் சதுரம் வரிசையாக, மேற்குத் தாளின் ஓரத்தில் இன்னும் இரண்டு. பெயர் எதுவும் இல்லை.

பெரியம்மாவுக்கு அச்சு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மேற்கை மேலே வைத்துத்தான் கொடுத்தேன், மெட்டுக்காற்று அக்கா. அவர் அங்கே போனதே இல்லை, அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் சதுரங்களுக்கு மேலே ஒரு சின்ன அடையாளத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கோயில் என்று குறிப்பட்டியலில் பார்த்துச் சொன்னேன். "கருப்பன்தான்" என்றார், அவ்வளவுதான், அப்புறம் அந்தத் தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை.

வனத்துறைக்கு எழுதியிருக்கிறேன், மழை முடிந்து கேட்கச் சொன்னார்கள்.

---

பழைய சங்கிலி:

நல்ல வேலை செய்திருக்கிறாய். ஓரத்தில் அளந்த வருடம் என்ன போட்டிருக்கிறது?

---

லயத்துப் பேரன்:

அதுதான் ஐயா சங்கடம். ஸ்கேன் செய்தவர் இரண்டு தாளிலும் அடி ஓரத்தை வெட்டிவிட்டார்.

---

பழைய சங்கிலி:

படுபாவி. சரி, மேற்குத் தாளில் மாட்டுப்பட்டியைப் பார். அணை 1950-களில் வந்தது. ஏரி இருக்கிறதா? ரயில் இருக்கிறதா?

---

லயத்துப் பேரன்:

ரயில் இருக்கிறது. ஏரி இல்லை.